கோபுரத்தைக் குத்தகைக்கு விடலாம், வானத்தை?

சென்னையிலிருந்து பெங்களூருக்குப் பறக்கும் விமானம் வேலூர்ப் பக்கத்து வானத்தைச் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறது. அந்தச் சில நிமிடங்களுக்கும் சேர்த்துத்தான் விமான நிறுவனம் பணம் கட்டுகிறது. விமானத்தின் எடை, பறந்த தூரம் இரண்டையும் வைத்துக் கணக்கிடப்படும் வான்வழிக் கட்டணம் இது. டிக்கெட் விலைக்குள் அடங்கிவிடுவதால் பயணி இதைப் பற்றி யோசிப்பதே இல்லை. பணம் இந்திய விமான நிலையங்கள் ஆணையத்துக்குப் போகிறது. அதற்கு ஈடாக, மீனம்பாக்கத்தில் திரைக்கு முன் உட்கார்ந்திருக்கும் ஒரு கட்டுப்பாட்டாளர் அந்த விமானத்துக்கும் அடுத்த விமானத்துக்கும் இடையே செங்குத்தாக 1,000 அடியோ, பக்கவாட்டில் ஐந்து கடல் மைலோ குறையாமல் பார்த்துக்கொள்கிறார்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் அரசின் ஆளாக இருக்க வேண்டுமா, தனியார் நிறுவனத்தின் ஆளாக இருக்கலாமா என்பது உலகம் முழுக்க முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கும் சண்டை. டெல்லியிலும் லண்டனிலும் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம் வேலூருக்கு எதற்கு என்று கேட்கலாம். அப்துல்லாபுரத்தில் ஒரு விமான நிலையம் இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்து ஓடுபாதை அது. சிறு ஊர்களை விமானத்தால் இணைக்கும் மத்திய அரசின் உடான் திட்டத்தின் கீழ் அதைச் சீரமைத்துச் சிறிய விமானங்களை இறக்கும் வேலை பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சிஎம்சி மருத்துவமனைக்கு வருகிறவர்கள் இன்று ரயிலில் காட்பாடியில் இறங்குகிறார்கள், அல்லது சென்னைக்குப் பறந்து வந்து அங்கிருந்து கார் பிடிக்கிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் வியாபாரிகளும் அப்படித்தான். நாளைக்கே ஒரு பத்தொன்பது இருக்கை விமானம் அப்துல்லாபுரத்தில் இறங்கத் தொடங்கினால், அதற்கு “இறங்கு” என்று சொல்லப்போகிறவருக்குச் சம்பளம் கொடுப்பது யார்? இந்தக் கேள்வி நம்முடையதுதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். விமான நிலையம் தனியார்மயமாவதும் வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு தனியார்மயமாவதும் ஒன்றல்ல. டெல்லி, மும்பை விமான நிலையங்கள் 2006இல் தனியார் கைக்குப் போயின. பெங்களூரும் ஹைதராபாத்தும் 2008இல் திறக்கப்பட்டபோதே தனியார் நிர்வாகத்தில்தான் திறக்கப்பட்டன. அதற்குப் பிறகு திருவனந்தபுரம், மங்களூர் உள்ளிட்ட ஆறு நிலையங்கள் அதானி குழுமத்திடம் சென்றன. ஆனால் இவை அத்தனையிலும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவர்கள் ஆணையத்தின் ஊழியர்களே. முனையம், கடைகள், கார் நிறுத்துமிடம் தனியாருடையது, வானம் அரசினுடையது. தேநீரை முந்நூறு ரூபாய்க்கு விற்கும் உரிமை யாருக்குக் கிடைத்தாலும், விமானத்துக்கு வழிவிடும் உரிமையை இந்திய அரசு இதுவரை யாருக்கும் கொடுக்கவில்லை.

கட்டுப்பாடு என்பதும் ஒரே வேலையல்ல. ஓடுபாதையையும் அதைச் சுற்றியுள்ள சில மைல்களையும் பார்த்துக்கொள்வது கோபுரம். ஏறும், இறங்கும் விமானங்களை வரிசைப்படுத்துவது அணுகுமுகக் கட்டுப்பாடு. உயரத்தில் ஊர் ஊராகக் கடந்து போகிறவற்றைக் கவனிப்பது வட்டாரக் கட்டுப்பாடு. இந்திய வானம் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை என்று நான்கு பெரும் வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஆணையத்தின் பொறுப்பில் இருப்பது மொத்தம் 28 லட்சம் சதுரக் கடல் மைல். அதில் பெரும்பகுதி நிலத்துக்கு மேலே அல்ல, கடலுக்கு மேலே. இந்த மூன்று அடுக்குகளையும் பிரித்துப் பார்க்காமல் “தனியாருக்குக் கொடு”, “கொடுக்காதே” என்று கத்துவதால்தான் இந்த விவாதம் நகராமல் நிற்கிறது என்பது என் எண்ணம்.

தனியார்மயத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் போட்டி. வட்டாரக் கட்டுப்பாட்டில் அதற்கு இடமே கிடையாது. காட்பாடி சந்திப்பில் எத்தனை கம்பெனிகளின் ரயில்கள் வேண்டுமானாலும் ஓடலாம், சிக்னல் போடும் கை ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். வானமும் அப்படித்தான். ஆகவே தனியாருக்குக் கொடுத்தாலும் அது ஏகபோகம்தான்; கட்டணத்தைக் கண்காணிக்க அரசு இன்னொரு அமைப்பை வைத்தே ஆக வேண்டும். 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையும் தன் நிலப்பரப்புக்கு மேலே வான்வழி வசதிகளைத் தருவது அந்தந்த நாட்டின் பொறுப்பு என்கிறது. வேலையை யாரிடமும் ஒப்படைக்கலாம், பொறுப்பைக் கைகழுவ முடியாது.

இந்தப் பாடத்தை மிகக் கொடூரமான முறையில் கற்றது ஜெர்மனி. 2002 ஜூலை 1 இரவு, தென் ஜெர்மனியில் யூபர்லிங்கன் ஊருக்கு மேலே ஒரு ரஷ்யப் பயணிகள் விமானமும் ஒரு சரக்கு விமானமும் மோதி 71 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் சுற்றுலா கிளம்பிய பள்ளிப் பிள்ளைகள். அந்த ஜெர்மன் வானத்தைக் கவனித்துக்கொண்டிருந்தது ஸ்கைகைட் என்ற சுவிஸ் நிறுவனம். அன்றிரவு சூரிச் மையத்தில் இருவர் பணியில் இருந்தும், ஒருவர் ஓய்வறைக்குப் போயிருந்தார். எஞ்சிய ஒரே மனிதர் இரண்டு திரைகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தார். பராமரிப்புப் பணிக்காக ரேடாரின் எச்சரிக்கை வசதியும் முக்கியத் தொலைபேசி இணைப்பும் நிறுத்தப்பட்டிருந்தன. பக்கத்து ஜெர்மன் மையத்தில் இருந்தவர்கள் ஆபத்தைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், இணைப்பு கிடைக்கவில்லை. ஸ்கைகைட் கம்பெனியாகப் பதிவான நிறுவனம் என்றாலும் அதன் பங்குகள் பெரும்பாலும் சுவிஸ் அரசிடம்தான் இருந்தன. ஆக இதைத் தனியாரின் குற்றம் என்றும் எழுதிவிட முடியாது, அரசின் குற்றம் என்றும் தள்ளிவிட முடியாது. இரவுப் பணியில் ஒருவர் போதும் என்று ஏற்றுக்கொண்ட நிர்வாகத்தின் குற்றம் அது. பிறகு மேலாளர்கள் நால்வர் தண்டிக்கப்பட்டார்கள்.

அதே ஜெர்மனி நான்கு ஆண்டுகளுக்குப் பின் தன் வான்வழி நிறுவனமான டிஎஃப்எஸ்ஸின் 74.9 சதவீதப் பங்குகளை விற்க நாடாளுமன்றத்தில் சட்டம் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஹோர்ஸ்ட் கோலர் 2006 அக்டோபரில் கையெழுத்திட மறுத்துவிட்டார். வானத்தைக் காப்பது அரசமைப்புச் சட்டப்படி அரசின் வேலை என்பது அவர் சொன்ன காரணம். இன்றும் டிஎஃப்எஸ் முழுக்க அரசுக்குச் சொந்தமான கம்பெனி. இதிலொரு வேடிக்கை உண்டு. பிரிட்டன் தன் கோபுரங்களைப் போட்டிக்குத் திறந்துவிட்டபோது, லண்டன் கேட்விக் விமான நிலையத்தின் ஒப்பந்தத்தைத் தட்டிச் சென்று 2016இல் பொறுப்பேற்றது இந்த டிஎஃப்எஸ்ஸின் துணை நிறுவனம். தன் நாட்டு நிறுவனத்திடமிருந்து பிடுங்கி அடுத்த நாட்டு அரசின் கம்பெனியிடம் கொடுப்பதற்குப் பெயர் தனியார்மயம்! 2022இல் ஒப்பந்தம் முன்பு வைத்திருந்த பிரிட்டனின் வான்வழி நிறுவனமான நாட்ஸிடமே திரும்பியது. மறு ஆண்டே கோபுரத்தில் ஆள் பற்றாமல் கேட்விக்கில் விமானங்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று.

பிரிட்டனைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரிய நாடுகளில் லாப நோக்குள்ள பங்குதாரர்களை முதலில் உள்ளே விட்டது அதுதான். 2001இல் நாட்ஸ் நிறுவனத்தின் பங்குகள் விமான நிறுவனங்களின் கூட்டமைப்புக்கு விற்கப்பட்டன. ஊழியர்களுக்கு ஐந்து சதவீதம், அரசிடம் 49. கடன் வாங்கித்தான் வாங்கினார்கள். சில வாரங்களில் செப்டம்பர் 11 தாக்குதல் நடந்தது. அட்லாண்டிக் போக்குவரத்து சரிந்தது, கட்டண வருவாய் சரிந்தது, கடனைக் கட்ட வழியில்லை. 2003இல் அரசு ஆறரைக் கோடி பவுண்டும், ஹீத்ரோவை நடத்திய நிறுவனம் அதே அளவு தொகையும் போட்டுத் தூக்கி நிறுத்தின. லாபம் வந்தால் பங்குதாரருக்கு, இடி விழுந்தால் கருவூலத்துக்கு.

அதன் பின் நாட்ஸ் நன்றாகவே நடந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் 2023 ஆகஸ்ட் 28 வந்தது. பிரிட்டனில் அன்று விடுமுறைத் திங்கள். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து பாரிஸுக்குப் போகும் ஒரு விமானத்தின் பயணத் திட்டம் கணினிக்குள் நுழைந்தது. அதில் ‘டிவிஎல்’ என்ற ஒரே குறியீட்டுடன் இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில், மற்றொன்று பிரான்சின் கடற்கரையில். எந்த இடம் எது என்று புரியாத மென்பொருள், தப்பான தகவலைக் கட்டுப்பாட்டாளருக்குத் தருவதைவிட நின்றுவிடுவது மேல் என்று நின்றது. மாற்று ஏற்பாடாக இருந்த கணினியிலும் அதே மென்பொருள், ஆகவே அதுவும் அதே இடத்தில் நின்றது. இரண்டும் படுக்க இருபது விநாடிகூட ஆகவில்லை. பழுது பார்க்க வேண்டிய பொறியாளர் வீட்டிலிருந்தபடி பணியில் இருந்தார். தொலைவிலிருந்து சரிசெய்ய முடியாமல் அவர் அலுவலகத்துக்குக் கிளம்பி வர வேண்டியதாயிற்று. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் பாதிக்கப்பட்டார்கள். அவர்களுக்குச் சாப்பாடும் தங்குமிடமும் தரும் செலவு விமான நிறுவனங்கள் தலையில் விழுந்தது, பழுதான கணினிக்குச் சொந்தக்காரர் தலையில் அல்ல.

இதைப் படித்துவிட்டு அரசே மேல் என்று முடிவுகட்டுகிறவர்கள் அமெரிக்காவைப் பார்க்க வேண்டும். அங்கே வான் கட்டுப்பாடு நேரடியாக அரசுத் துறை. அதனால் அரசியலின் ஒவ்வொரு தும்மலும் கோபுரத்தில் சளியாகப் பிடிக்கிறது. 1981இல் வேலைநிறுத்தம் செய்த 11,000க்கும் மேற்பட்ட கட்டுப்பாட்டாளர்களை ரீகன் ஒரே உத்தரவில் வேலையைவிட்டு நீக்கினார். பட்ஜெட் தகராறில் அரசு முடங்கும்போதெல்லாம் கட்டுப்பாட்டாளர்கள் சம்பளமில்லாமல் வேலைக்கு வர வேண்டும். 2025 அக்டோபர் தொடங்கி 43 நாள் நீடித்த முடக்கத்தில் ஆள் குறைந்து, 40 பெரிய விமான நிலையங்களில் சேவைகளைக் குறைக்க அரசே உத்தரவிட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் நியூவார்க் விமான நிலையத்துக்கு வரும் விமானங்களைக் கவனித்தவர்களின் ரேடார் திரையும் ரேடியோவும் சுமார் 90 விநாடி செத்துப்போயின. பல ஆண்டுத் திட்டத்துக்கு ஆண்டுக்கு ஆண்டு நாடாளுமன்றத்திடம் கையேந்தினால் கருவிகள் இப்படித்தான் இருக்கும். போதாததற்கு, விதியை எழுதுவதும் வேலையைச் செய்வதும் அங்கே ஒரே அமைப்பு. நம் நாட்டில் அந்தக் கோளாறு இல்லை: விதியும் உரிமமும் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்திடம், வேலை ஆணையத்திடம்.

நம் கணக்கிலும் கறை உண்டு. 1996 நவம்பர் 12இல் ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே சவூதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தார்கள். நடுவானில் நடந்த மோதல்களில் இன்றுவரை இதுதான் மிகக் கொடியது. 15,000 அடியில் நிற்க வேண்டிய கஜகஸ்தான் விமானம் கீழே இறங்கியது காரணம் என்றாலும், அன்று டெல்லியில் இருந்த ரேடார் விமானங்களின் உயரத்தைக் காட்டாத பழைய ரகம் என்பதை மறக்க முடியாது. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் தனித்தனித் தடங்களும், மோதல் எச்சரிக்கைக் கருவி கட்டாயம் என்ற விதியும் அதற்குப் பிறகுதான் வந்தன. சமீபத்திலும், 2025 நவம்பர் 7 அன்று, டெல்லியில் பயணத் திட்டங்களைப் பரிமாறும் கணினி அமைப்பு பழுதாகி 800க்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதமாயின. கட்டுப்பாட்டாளர் பற்றாக்குறையையும் அவர்களின் களைப்பையும் அதே ஆண்டு நாடாளுமன்றக் குழு ஒன்று சுட்டிக்காட்டியிருந்தது. இயற்பியல், கணிதம் படித்த பட்டதாரிகளும் பொறியாளர்களும் கட்டுப்பாட்டாளர் தேர்வை எழுதலாம்; வேலூரிலும் சுற்றுவட்டாரத்திலும் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை. அறிவிப்பு, தேர்வு, பயிற்சி, பிறகு அந்தந்த நிலையத்துக்கான தகுதிச் சான்று என்று ஆண்டுகள் இழுத்தடிப்பதுதான் சிக்கல்.

கனடாவின் வழி மூன்றாவது. 1996இல் அந்த அரசு தன் வான்வழிச் சேவை முழுவதையும் 150 கோடி கனடிய டாலருக்கு நாவ் கனடா என்ற நிறுவனத்துக்கு விற்றது. அதற்குப் பங்குதாரர் கிடையாது, லாபப் பங்கீடு கிடையாது. பதினைந்து பேர் கொண்ட இயக்குநர் குழுவில் விமான நிறுவனங்கள், அரசு, தொழிற்சங்கம், சிறு விமானம் வைத்திருப்போர் ஆகியோர் தரப்பில் ஆட்கள் உண்டு. கட்டண வருவாயைக் காட்டிக் கடன்பத்திரம் விற்றுக் கருவிகளை வாங்குகிறது, யாரிடமும் கையேந்துவதில்லை. அமெரிக்கக் கட்டுப்பாட்டாளர்கள் விமான விவரம் எழுதிய காகிதத் துண்டுகளை நகர்த்திக்கொண்டிருந்தபோது கனடாவில் அவை திரைக்குப் போய்விட்டன. 2017இல் டிரம்ப் இதே மாதிரியை அமெரிக்காவுக்குக் கொண்டுவர முயன்று, சிறு விமான நிலையங்களை நம்பியிருக்கும் ஊர்களின் எதிர்ப்பைத் தாண்ட முடியாமல் அந்த மசோதா மறு ஆண்டு கைவிடப்பட்டது.

அந்தச் சிற்றூர்களின் பயம் வீண் பயம் அல்ல. கொரோனா காலத்தில் வருவாய் வற்றியதும் நாவ் கனடா இரண்டு காரியம் செய்தது. ஒன்று, விமான நிறுவனங்களே மூச்சுத் திணறிக்கொண்டிருந்த நேரத்தில் கட்டணத்தைச் சுமார் 30 சதவீதம் ஏற்றியது. இரண்டு, ரெஜைனா, விண்ட்சர், வொயிட்ஹார்ஸ் உள்ளிட்ட ஏழு ஊர்களின் கோபுரங்களை மூடலாமா என்று ஆய்வு நடத்தியது. ஊர்க்காரர்கள் கொதித்தெழுந்த பிறகு 2021 ஏப்ரலில் அந்த யோசனையைக் கைவிட்டது. லாப நோக்கமே இல்லாத நிறுவனத்தின் கணக்கிலும் சிற்றூர்க் கோபுரம் செலவுப் பட்டியலில்தான் இருக்கிறது. வாடிக்கையாளரே முதலாளியாக இருக்கும் அமைப்பில், பெரிய வாடிக்கையாளருக்கு எது வேண்டுமோ அதுதான் முதலில் நடக்கும்.

அப்துல்லாபுரத்தை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு சிறு விமானங்கள் இறங்கும் இடத்தில் கட்டணத்தை நம்பிக் கோபுரம் நடத்த முடியாது. உடான் விமானங்களிடம் ஆணையம் இறங்கு கட்டணம் வாங்குவதில்லை. வான்வழிக் கட்டணத்திலும் வழக்கமான விகிதத்தில் 42.5 சதவீதம்தான் வாங்குகிறது. குறைகிற பணம் எங்கிருந்தோ வர வேண்டும். சென்னை வட்டாரத்தின் மேலே பறந்து போகிற பெரிய ஜெட் விமானங்களும், டெல்லி, மும்பை நிலையங்கள் ஆணையத்துக்குத் தரும் வருவாய்ப் பங்கும்தான் அதைத் தாங்குகின்றன. லாபம் தரும் மேல்வானத்தைப் பிரித்து விற்றுவிட்டால், நட்டம் தரும் கீழ்க்கோபுரங்கள் மட்டும் அரசின் மடியில் மிஞ்சும்.

சிறு ஊர்களுக்கு உதவும் கருவிகளின் கதையும் இதையே சொல்கிறது. மழை மேகத்திலும் ஓடுபாதைக்கு நேராக விமானத்தை இறக்க உதவும் தரைக் கருவிகள் விலை அதிகம், சிறு நிலையங்களுக்குக் கட்டுப்படியாகாது. ஆணையமும் இஸ்ரோவும் சேர்ந்து உருவாக்கிய ககன் என்ற செயற்கைக்கோள் ஏற்பாடு அந்த வேலையைத் தரைக் கருவி இல்லாமலே செய்கிறது. 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கட் நிலையத்தில் ஓர் ஏடிஆர் விமானம் இதை வைத்து இறங்கிக் காட்டியது. கிஷன்கட் மாதிரி ஊருக்காகச் செயற்கைக்கோள் ஏற்பாட்டில் முதலீடு செய்யும் பங்குதாரரை நான் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் கோபுரத்தில் இருப்பவர்தான் அரசு ஊழியராக இருந்தே தீர வேண்டுமா? இங்கே நான் தொழிற்சங்கங்களோடு ஒத்துப்போகவில்லை. முழு அரசுத் துறையை வைத்திருக்கும் அதே அமெரிக்கா, 1982 முதல் சிறு விமான நிலையங்களின் கோபுரங்களைத் தனியார் ஒப்பந்தத்தில் நடத்துகிறது. இன்று அப்படி 250க்கும் மேற்பட்டவை உள்ளன. செலவு குறைவு, பாதுகாப்பில் குறையில்லை என்று அரசுத் தணிக்கையே சொல்லியிருக்கிறது. விதி, உரிமம், மேல்வானம், பணம் நான்கும் அரசிடம் இருக்கும்போது ஓடுபாதைக்கு மட்டும் பொறுப்பான கோபுரத்தை ஒப்பந்தத்துக்கு விடுவதில் பெரிய ஆபத்தில்லை. ஸ்வீடன் இன்னொரு வழி காட்டியது: 2015 முதல் ஓர்ன்ஷோல்ட்ஸ்விக் என்ற சிறு நிலையத்தை, கேமராக்களின் துணையோடு வேறு ஊரில் உட்கார்ந்து கட்டுப்படுத்துகிறார்கள். அப்துல்லாபுரத்தைச் சென்னையிலிருந்து பார்த்துக்கொள்வது நாளைக்கே நடக்காவிட்டாலும், கற்பனைக் கதை அல்ல.

மேல்வானம் வேறு விஷயம். காட்பாடியிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்தில் அரக்கோணம். அங்கே 1992இல் தொடங்கப்பட்ட ஐஎன்எஸ் ராஜாளி கடற்படை விமானத் தளம் இருக்கிறது. இந்தியப் பெருங்கடலைக் கண்காணிக்கும் பி-8ஐ விமானங்கள் கிளம்புவது அங்கிருந்துதான். பயணிகள் விமானங்களும் ராணுவ விமானங்களும் ஒரே வானத்தை நேரம் பிரித்துப் பயன்படுத்துகின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனம்பாக்கம் ஓடுபாதை மூழ்கி மூடப்பட்டபோது, ராஜாளியின் ஓடுபாதையைத் திறந்துவிட்டுப் பயணிகள் விமானங்களை அங்கிருந்து பறக்கவிட்டார்கள். சென்னையில் மாட்டிக்கொண்டவர்கள் பஸ்ஸில் அரக்கோணம் வந்து விமானம் ஏறினார்கள். ஒப்பந்தப் பத்திரத்தில் எந்தப் பிரிவில் வருகிறது, கூடுதல் செலவு யாருடையது என்று பேரம் பேசாமல் இது நடந்ததற்கு இரண்டு பக்கமும் ஒரே அரசு இருந்தது ஒரு காரணம்.

ஆகவே விற்க வேண்டாம் என்பது என் முடிவு. அதற்காக இப்போதிருப்பது அப்படியே இருக்கட்டும் என்பதும் அல்ல. ஆணையத்தின் கையில் இரண்டு தொழில் இருக்கிறது: விமான நிலையம் கட்டுவது, வானத்தைப் பார்த்துக்கொள்வது. இரண்டுக்கும் ஒரே பணப்பெட்டி. வான்வழிக் கட்டணமாக வரும் பணம் முனையத்தின் கண்ணாடிச் சுவருக்கும் போகலாம், அரசுக்குத் தரும் ஈவுத்தொகைக்கும் போகலாம். திறப்பு விழாவில் அமைச்சர் ரிப்பன் வெட்டுவது முனையத்துக்குத்தான். பழைய செய்திப் பரிமாற்றக் கணினியை மாற்றியதற்கு யாரும் விழா எடுப்பதில்லை. நியூசிலாந்து 1987இலேயே வான் கட்டுப்பாட்டுப் பிரிவைத் தனி அரசு நிறுவனமாக்கியது, ஆஸ்திரேலியா 1995இல். அங்கே சொந்தக்காரர் அரசுதான், கணக்குப் புத்தகம் தனி. இந்தியாவிலும் இப்படிப் பிரிக்கும் யோசனை ஆண்டுக்கணக்கில் பேசப்படுகிறது, கோப்பு நகர்வதாகத் தெரியவில்லை. பிரித்தால், சிற்றூர்க் கோபுரங்களுக்கான மானியம் எவ்வளவு என்பது வெளிப்படையாக ஒரு வரியில் எழுதப்பட வேண்டும். இன்று அது பெரிய கணக்குக்குள் கரைந்திருக்கிறது. அதனால் நம் ஊருக்கு எவ்வளவு வருகிறது என்று நமக்கும் தெரியாது, அதை நிறுத்தினால் கேள்வி கேட்கவும் முடியாது.

உடான் திட்டத்தில் ஒரு தடத்துக்கு விமான நிறுவனம் பெறும் நிதி உதவி மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே. அப்துல்லாபுரத்தில் முதல் விமானம் எப்போது இறங்கினாலும், நான்காம் ஆண்டில் அந்த உதவி நின்றுவிடும். அப்போது மிஞ்சுவது 80 இருக்கைக்குக் குறைந்த உள்நாட்டு விமானங்களுக்கு இறங்கு கட்டணம் இல்லை என்ற பொதுச் சலுகைதான். கோபுரத்தின் சம்பளப் பட்டியலை அதைக் கொண்டு நிரப்ப முடியாது. விமான நிலையத்துக்காக மனுக் கொடுத்துக்கொண்டிருக்கும் வேலூர் வணிகர்களும் மக்கள் பிரதிநிதிகளும் அடுத்த மனுவில் நான்காம் ஆண்டைப் பற்றியும் கேட்டு, எழுத்தில் பதில் வாங்க வேண்டும்.